27 அடிப் பாய்மரப் படகுக்கு டில்லரா, வீலா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் டொராண்டோவில் இருக்கிறார். கிளப் படகுகளில் ஓட்டப் பழகிவிட்டு, இப்போது சொந்தமாக 27 முதல் 30 அடிக்குள் பழைய பாய்மரப் படகு ஒன்று வாங்கப் பார்க்கிறார். வார இறுதிகளில் ஒன்ராறியோ ஏரியில் குடும்பத்தோடு போக வேண்டும், கோடையில் ஒன்றிரண்டு முறை எதிர்க்கரைக்கும் போய்வர வேண்டும். பார்த்த படகுகளில் சிலவற்றில் திருப்புவதற்கு டில்லர் என்ற நீளக் கட்டை இருக்கிறது, சிலவற்றில் வீல், அதாவது சக்கரம். கார் மாதிரி இருக்கும் என்பதால் மனைவிக்கு வீல் பிடித்திருக்கிறது. கிளப்பில் இருக்கும் பழைய ஆட்களோ டில்லர்தான் என்று அடித்துச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

27 அடி என்றால் டில்லர். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 30 அடியில் இரண்டும் சரிப்படும். அங்கே காக்பிட் (ஓட்டுபவரும் மற்றவர்களும் உட்காரும் பின்பக்கக் குழி) எப்படி அமைந்திருக்கிறது, உங்கள் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். 33, 34 அடியைத் தாண்டிவிட்டால் குடும்பப் படகுக்கு வீல்தான் வசதி. ஆனால் இதை மட்டும் வைத்து ஒரு படகை வாங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். தண்ணீருக்குள் இருந்து படகைத் திருப்பும் பலகையான சுக்கான் எப்படிப்பட்டது, பாய்களும் கீலும் (படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான துடுப்பு, keel) எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் உங்கள் கை நாள் முழுக்க உணரப்போகிறது.

முதலில் இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்கலாம். டில்லர் என்பது சுக்கான் தண்டின் தலையில் உலோகப் பூட்டு ஒன்றால் மாட்டிய நீளமான மரக்கட்டை. உங்கள் கைக்கும் சுக்கானுக்கும் நடுவே வேறு எதுவும் கிடையாது. வீல் உள்ள படகில் காக்பிட்டின் நடுவே பெடஸ்டல் என்ற தூண் நிற்கும். அதன் தலையில் பல்சக்கரம், அதன்மேல் சங்கிலி, சங்கிலியின் இரு முனையிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக்கயிறு. அந்தக் கயிறு தூணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கப்பிகளில் திரும்பி, சுக்கான் தண்டில் மாட்டிய குவாட்ரன்ட் என்ற விசிறி வடிவத் தகட்டில் போய்ச் சேரும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் வகையும் உண்டு, ஆனால் கையில் எந்த உணர்வும் வராது. இந்த அளவுப் படகில் அதைக் கண்டால் அடுத்த படகைப் பாருங்கள்.

பெரிய படகுக்கு ஏன் வீல் தேவைப்படுகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு படகை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் சுக்கானின் பரப்பு நான்கு மடங்காகும். தண்ணீர் அதைத் தள்ளும் மையம் தண்டிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போகும். அதே வேகத்தில் போனாலே தண்டில் விழும் முறுக்குவிசை எட்டு மடங்காகிவிடும். நீளமான படகு இன்னும் வேகமாகப் போகும் என்பதையும் சேர்த்தால் பதினாறு மடங்கு வரை வரும். டில்லரின் நீளத்தை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட முடியாது, கூட்டினால் காக்பிட்டில் ஆள் உட்கார இடம் இருக்காது. ஆகவே ஏதோ ஓர் அளவுக்கு மேல் மனிதக் கை தோற்கும், பல்சக்கரமும் கப்பியும் வந்து கை கொடுக்க வேண்டும். 27 அடிப் படகு அந்த எல்லைக்கு வெகு கீழே இருக்கிறது.

அந்த எல்லை எங்கே வரும் என்பதையும் சுக்கான்தான் தீர்மானிக்கிறது. தண்டுக்கு முன்னாலும் கொஞ்சம் பலகை நீட்டிக்கொண்டிருக்கும் சுக்கானில், பின்பக்கத்தைத் தள்ளும் தண்ணீரே முன்பக்கத்தையும் தள்ளிப் பாதி வேலையைச் செய்துவிடும். அதனால்தான் 40 அடி நீளமுள்ள கிளாஸ்40 பந்தயப் படகுகளைக்கூட டில்லரால் ஓட்டுகிறார்கள். நீளக் கீலின் பின்முனையில் கதவு போலத் தொங்கும் பழைய பாணிச் சுக்கானில் இந்த உதவி கிடைக்காது. முழு பாரமும் உங்கள் கையில்தான்.

உங்கள் ஏரிக்கரையில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. 1962-இல் தொடங்கி ஒன்ராறியோவின் விட்பியில் கட்டிய ஆல்பர்க் 30, நீளக் கீலும் அதோடு ஒட்டிய சுக்கானும் கொண்டது. அழகான படகு, கடலுக்கு அஞ்சாதது. யூவ் ஜெலினா என்ற கியூபெக்காரர் அதில் தனியாக உலகையே சுற்றி வந்திருக்கிறார். ஆனால் காற்று ஏறினால் டில்லர் கையை இழுக்கும். அதற்காகவே சிலர் பிற்பாடு அதில் வீல் போட்டுக்கொண்டார்கள். நயாகரா-ஆன்-தி-லேக்கில் தொழிற்சாலை வைத்திருந்த சி அண்டு சி நிறுவனத்தின் 27 அடிப் படகில் துடுப்புப் போலத் தனியாகக் கீழிறங்கும் ஸ்பேட் சுக்கான். சரியான பாய் அளவில் ஓட்டினால் இரண்டு விரல் போதும். பிராம்ப்டனில் கட்டிய சி.எஸ். 27-உம் அப்படித்தான். இந்த இரண்டிலும் வீல் போட்ட படகு கண்ணில் பட்டால், அது தேவைக்காகப் போட்டதல்ல, ஆசைக்காகப் போட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி, டில்லர்காரர்கள் ஓயாமல் பேசும் அந்த 'கை உணர்வு' விஷயம். பலர் இதை ஏதோ ரசனை சமாச்சாரம் போலச் சொல்வார்கள். எனக்கு அது வெறும் தகவல். எதிர்க்காற்றில் சாய்ந்து போகும்போது பெரும்பாலான படகுகள் தாமாகவே காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். வெதர் ஹெல்ம் என்பார்கள். கொஞ்சம் இருப்பது நல்லது: டில்லரை விட்டுவிட்டால் படகு மெல்லக் காற்றுக்கு முகம் கொடுத்து நின்றுவிடும். சுக்கானின் கோணம் மூன்று, நான்கு டிகிரி என்றால் சுகம். ஏழெட்டைத் தாண்டினால் சுக்கான் படகைத் திருப்புவதோடு நிற்காமல் பிரேக்காகவும் வேலை செய்யத் தொடங்கும். கோணம் இன்னும் மிகவும் பெரிதாகும்போது தண்ணீர் அதன் பரப்பைவிட்டுப் பிய்த்துக்கொள்ளும், அப்போது நீங்கள் என்ன செய்தாலும் படகு தன் இஷ்டப்படி காற்றுக்குள் திரும்பும்.

டில்லரில் இது கண்ணுக்கே தெரிகிறது. உங்கள் டில்லர் ஒரு மீட்டர் நீளம் என்றால், அதன் முனை நடுக்கோட்டிலிருந்து 7 செ.மீ. விலகியிருந்தால் 4 டிகிரி. 17 செ.மீ. என்றால் 10 டிகிரி, பெரிய பாயை ஒரு ரீஃப் (ஒரு மடிப்பு) குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. காக்பிட் பெஞ்சின் விளிம்பில் ஒரு டேப் துண்டை ஒட்டிவைத்தால் புதிதாக வந்தவருக்கும் புரியும். வீலில் அப்படி இல்லை. பல்சக்கரம் அந்த இழுப்பைக் குறைத்து, கப்பிகளின் உராய்வு மிச்சத்தையும் விழுங்கிவிடும். வீல் தானாகச் சுழலாமல் பிடிக்கும் பிரேக்கையும் கொஞ்சம் முறுக்கி வைத்திருந்தால் படகு கத்துவது உங்களுக்குக் கேட்கவே கேட்காது. சுக்கான் நடுவில் இருக்கும்போது வீலில் மேலே வரும் ஆரக்காலில் ஒரு கயிற்று முடிச்சு போட்டு வைப்பார்கள். அதைப் பார்த்துக் கோணத்தை ஊகிக்கலாம். ஆனால் பார்க்க வேண்டும் என்று நினைவு வர வேண்டுமே. பழகும் காலத்தில் பாயைத் திருத்தக் கற்றுத்தருவது டில்லர்தான் என்று நான் சொல்வது இதனால். சென்னையின் நேத்ரா குமணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் உட்பட, சிறிய பந்தயப் படகுகள் எல்லாமே டில்லர்தான். அங்கே வேறு வழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

ஜூலை மாதத்தில் ஒன்ராறியோ ஏரி பல நாள் கண்ணாடி போலக் கிடக்கும். ஐந்து நாட் (knot, மணிக்குச் சுமார் 9 கி.மீ.) காற்றில் படகை ஊர்ந்து போக வைப்பதற்கு இந்த உணர்வு இன்னும் அவசியம். பலத்த காற்றில் யாரும் வீலைக் குறை சொல்ல மாட்டார்கள். மெல்லிய காற்றில்தான் சங்கிலியும் கப்பியும் இடையில் நிற்பது தெரியும்.

அடுத்து உங்கள் மனைவியின் காரணம். கார் போல இருக்கும் என்பது உண்மைதான். வீலை வலப்பக்கம் திருப்பினால் படகு வலப்பக்கம் போகும். டில்லரை வலப்பக்கம் தள்ளினால் இடப்பக்கம் போகும். இந்தக் குழப்பம் அனேகமாக ஒரு மதியத்துக்கு மேல் நீடிப்பதில்லை. மூளையில் யோசித்துச் செய்பவர்கள் தடுமாறுவார்கள், படகின் மூக்கைப் பார்த்துக்கொண்டே கையை அசைப்பவர்கள் உடனே பிடித்துக்கொள்வார்கள். கிளப் படகுகளில் பழகிய உங்களுக்கு இது தாண்டிப் போன கதை. அவரையும் ஒரு நாள் சிறிய படகில் தனியாக உட்கார வையுங்கள், பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள்.

கப்பல்களே இந்தத் தலைகீழ்க் கணக்கில் இருந்து வெளியே வர வெகு காலம் எடுத்தது, தெரியுமா? 1912-இல் டைட்டானிக் பனிப்பாறையைக் கண்டபோது வந்த கட்டளை 'ஹார்ட் அ ஸ்டார்போர்டு', அதாவது முழுக்க வலப்பக்கம். கப்பல் திரும்பியதோ இடப்பக்கம். அதில் தவறு எதுவும் இல்லை. அப்போது கட்டளைகள் டில்லர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத்தான் சொல்லின, வீல் வந்து இரண்டு நூற்றாண்டு ஆன பிறகும். கட்டளை என்பது கப்பல் திரும்பும் பக்கத்தைக் குறிக்க வேண்டும் என்று 1929-இல் சர்வதேச மாநாட்டில் ஒப்புக்கொண்டு, பிரிட்டனில் 1933-இல் தான் நடைமுறைக்கு வந்தது.

வீலுக்காக வாதாட நல்ல காரணங்கள் இருக்கின்றன, கார் உவமைதான் பலவீனமானது. முதல் காரணம் இடம். ஓடும்போது டில்லர் காக்பிட்டின் பின்பாதியைத் துடைப்பம் போலப் பெருக்கிக்கொண்டே இருக்கும். நான்கு பேர் உட்கார்ந்திருந்தால், ஒவ்வொரு முறை டாக் அடிக்கும்போதும் (படகின் மூக்கைக் காற்றின் ஊடே மறுபக்கம் திருப்பும்போதும்) யாராவது முழங்காலை ஒதுக்க வேண்டும், குழந்தை கையில் சாப்பாட்டுத் தட்டோடு இருந்தால் அதுவும் ஒரு வேடிக்கைதான். வீல் தன் இடத்தைவிட்டு நகராது. பெடஸ்டலைச் சுற்றியுள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம், காம்பஸ் கண்ணுக்கு நேரே இருக்கும், மடக்கு மேசை மாட்டலாம். ஆனால் நங்கூரம் போட்டதும் கதை மாறும். டில்லரைத் தூக்கி நிமிர்த்திக் கட்டிவிட்டால் காக்பிட் முழுக்க உங்களுடையது. வீலும் தூணும் அப்படியே நடுவில் நிற்கும். சிலர் வீலைக் கழற்றிப் பக்கக் கம்பியில் மாட்டிவைப்பார்கள், தூணை என்ன செய்வது? ஏரியில் குடும்பப் படகுகள் ஓடுவதைவிட நங்கூரத்திலும் படகுத்துறையிலும் நிற்கும் நேரம்தான் அதிகம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

27 அடியில் இன்னொரு தொல்லை. வீலுக்குப் பின்னால் போய் உட்கார, பெஞ்சின் மேல் ஏறித்தான் தாண்ட வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தவருக்கு ஜிப் வின்ச் (முன்பாயின் கயிற்றை இழுக்கும் உருளை) கைக்கு எட்டாது. ஆள் படகின் கடைசியில் உட்காருவதால் குறுகிய பின்பகுதி தண்ணீரில் அமுங்கும். டில்லர்காரர் முன்னால் நகர்ந்து, தெறிப்பு மறைப்பின் கீழ் ஒதுங்கிக்கொண்டு, ஒரு கையில் டில்லர் நீட்டிப்புக் கம்பும் மறு கையில் பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறுமாக இருக்கலாம். இரண்டு கையும் வேண்டும் என்றால் டில்லரை முழங்காலால் பிடித்துக்கொள்வார். மனைவியும் நீங்களும் மட்டும் போய், ஒருவர் கீழே குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மேலே இருப்பவர் தனியாள்தான். தனியாக ஓட்டுவதற்கு இந்த அளவில் டில்லருக்கு இணை இல்லை.

வீலுக்கு இரண்டாவது காரணம் உடம்பு. டில்லரில் பக்கவாட்டில் உட்கார்ந்து கழுத்தை முன்பக்கம் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்து வலி, தோள்பட்டை இறுக்கம் உள்ளவர்களுக்கு ஆறு மணி நேரம் அப்படி இருப்பது தண்டனை. வீலில் நேராக நின்று முன்னால் பார்க்கலாம். இது உங்கள் இருவரில் ஒருவருக்குப் பொருந்தினால், நான் மேலே சொன்னதில் பாதியைத் தள்ளிவிட்டு 30 அடி வீல் படகாகப் பாருங்கள்.

மூன்றாவது, எஞ்சினில் பின்னோக்கி வருவது. சுக்கான் பலகையின் பெரும்பகுதி தண்டுக்குப் பின்னால் இருப்பதால், பின்னோக்கிப் போகும்போது தண்ணீர் அதை ஒரு பக்கமாக அடித்துத் தள்ளப் பார்க்கும். வேகம் கூடிய நேரத்தில் கையை விட்டால் டில்லர் சட்டென்று ஒரு பக்கம் போய் மோதும், நடுவில் உங்கள் விலா எலும்பு இருக்கலாம். வீல் அதிலிருந்து ஓரளவு காப்பாற்றும். ஆனால் அதுவும் பிடி நழுவினால் சுழன்று மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். இரண்டிலும் மெதுவாகப் போவதுதான் வழி.

எதிர்க்கரைக்குப் போவதாகச் சொன்னீர்கள். டொராண்டோவில் இருந்து எதிர்க்கரையின் போர்ட் டல்ஹௌசி ஏறக்குறைய 26 கடல் மைல், ஐந்து நாட் வேகத்தில் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அவ்வளவு நேரம் கையால் பிடித்துக்கொண்டு போவது சலிப்பு. ஆட்டோபைலட் வேண்டும். டில்லருக்கு வருவது ஒரு முழ நீளக் குழாய். ஒரு முனை பெஞ்சில், மறுமுனை டில்லரின் மேல் அடித்த ஆணியில் மாட்டும். சின்ன பேட்டரிக்கே போதும், நீங்களே மாட்டலாம். மழைத் தண்ணீர் உள்ளே போவதுதான் இவற்றின் பழைய வியாதி, மேலே ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். வீலுக்கு வருவது ஆரங்களில் மாட்டும் பெல்ட் வளையம், விலை அதிகம். பெரிய காற்றாடிப் பலகையால் படகை ஓட்டும் விண்ட்வேன் உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் ஜெலினா தன் ஆல்பர்க்குக்குத் தானே வடிவமைத்தது போன்ற கருவிகளுக்கும் டில்லரில் கயிறு கட்டுவதுதான் எளிது.

பராமரிப்பில்தான் வித்தியாசம் பெரிது. டில்லரில் பழுதாக இரண்டே இடம்: தலைப் பூட்டுக்குள் இருக்கும் மரம் உளுத்துப்போகும், பூட்டின் போல்ட் துளை தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். இரண்டையும் ஒரு சனிக்கிழமையில் சரிசெய்யலாம். வீலில் சங்கிலி, கயிறு, நான்கு கப்பி, அவற்றின் ஊசிகள், குவாட்ரன்ட்டின் போல்ட்டுகள், தடுப்புக் கட்டைகள் என்று எது வேண்டுமானாலும் போகலாம். கம்பிக்கயிற்றின் இழைகள் கப்பியில் மடியும் இடத்தில்தான் முதலில் அறும். ஆறு பெண் அதிகாரிகளோடு உலகைச் சுற்றிய நம் கடற்படையின் தாரிணி என்ற பாய்மரப் படகு 2018-இல் வீடு திரும்பும் வழியில் மொரீஷியஸில் ஒதுங்க வேண்டி வந்ததும் ஸ்டீயரிங் பழுதால்தான். நல்ல பராமரிப்பில் இருந்த படகுக்கே அந்தக் கதி. நாற்பது வருடப் பழைய படகில் ஸ்டீயரிங் கயிறு ஓடும் பின் லாக்கருக்குள் (மூடியுள்ள சாமான் அறைக்குள்) யார் கடைசியாக டார்ச் அடித்துப் பார்த்தார்களோ?

டில்லர் படகை வாங்கி வீல் போட்டுக்கொள்ளலாமா என்றும் யோசிப்பீர்கள். வேண்டாம். பல ஆயிரம் டாலர் ஆகும், படகின் விலையில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். காக்பிட் தரையை வெட்ட வேண்டும், அடியில் கப்பிகளுக்கு வலுவான தாங்கல் கட்ட வேண்டும். எதிர்த்திசையில், வீலைக் கழற்றி டில்லர் போடுவது சில படகுகளில் சுலபம், சிலவற்றில் சுக்கான் தண்டு காக்பிட் தரையோடு நின்றுவிடுவதால் நடக்காது. எப்படிக் கட்டினார்களோ அப்படியே இருக்கும் படகை வாங்குங்கள்.

உங்கள் ஊரில் படகுகளைப் பெரும்பாலும் குளிர்காலத்தில் கரையில் தாங்கியில் நிற்கும்போதுதான் காட்டுவார்கள். அது ஒரு வசதி. சுக்கானின் கீழ்முனையைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டிப் பாருங்கள், லேசான ஆட்டம் சகஜம், டக் டக் என்று அடித்தால் தண்டு சுழலும் புஷ் வளையம் தேய்ந்திருக்கிறது. பலகையின் இரு பக்கமும் விரலால் தட்டிக்கொண்டே வாருங்கள். உள்ளே தண்ணீர் புகுந்து உறைந்து விரிந்த சுக்கான்கள் ஏரிப் பகுதியில் ஏராளம், ஓட்டில் சத்தம் மாறும் இடத்தில் அது தெரிந்துவிடும். அடிமுனையில் துரு நிறத்தில் கசிவு இருந்தால் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமும் போயிருக்கலாம். இதெல்லாம் டில்லருக்கும் வீலுக்கும் பொது.

வீல் படகாக இருந்தால், விற்பவரை வீலைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் பின் லாக்கருக்குள் டார்ச்சோடு இறங்குங்கள். கயிறு திரும்பும்போது கப்பியின் அடித்தட்டு அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் அதன் கீழே உள்ள மரம் ஊறிவிட்டது. ஒரு டிஷ்யூ காகிதத்தால் கயிற்றைச் சுற்றிப் பிடித்து நீளவாக்கில் இழுங்கள், காகிதம் கிழியும் இடத்தில் இழை அறுந்திருக்கிறது. வெறும் விரலால் செய்தால் விரல் கிழியும். அப்புறம் எமர்ஜென்சி டில்லர் எங்கே என்று கேளுங்கள். கயிறு அறுந்தால் சுக்கான் தண்டின் தலையில் செருகி ஓட்டுவதற்கான இரும்புக் குழாய் அது. 'எங்கேயோ இருக்கும்' என்ற பதிலை ஏற்க வேண்டாம். எடுத்து வரச் சொல்லி, தரை மூடியைத் திறந்து செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். மூடி இறுகிப்போய்த் திறக்காமல் இருக்கலாம், குழாய் வேறு படகினுடையதாக இருக்கலாம், செருகிய பிறகு வீலின் தூணில் இடித்துத் திரும்பாமல் நிற்கலாம். மூன்றில் எது நடந்தாலும் விலையைக் குறைத்துப் பேச அது நியாயமான காரணம்.